சாமண முனையிலிருந்து கண்ணுக்கு: ஒரு காட்சிக்காக லென்ஸ் பழகிய பதினாறு நாள்

கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியப்பாவைப் பற்றி இரண்டு நிமிட வீடியோ ஒன்று எடுக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். அதில் ஒரு காட்சிக்காகத்தான் மற்றதெல்லாம். சாமணத்தின் (சிறு பாகங்களைப் பிடிக்கும் இடுக்கி) முனையில், ஆடி ஆடிக் கடிகாரத்தின் வேகத்தை நிர்ணயிக்கும் பேலன்ஸ் சக்கரம் தெளிவாகத் தெரிகிறது. பின்னால் அவர் முகம் மங்கலாக இருக்கிறது. சக்கரம் தன் இடத்தில் அமர்ந்து ஆடத் தொடங்குகிறது. அந்த நொடியில் தெளிவு சாமணத்தை விட்டு மெல்ல நகர்ந்து அவர் கண்களில் போய் நிற்கிறது. எட்டு நொடிகூட வராத காட்சி. அதை எடுத்து முடிக்கப் பதினாறு நாள் ஆயிற்று. கேமராவில் குறை ஏதும் இல்லை. லென்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று எனக்குச் சரியாகத் தெரியாததுதான் காரணம். செய்து பார்த்ததையெல்லாம் கணக்கோடு எழுதி வைக்கிறேன். முதன்முதலாக வீடியோவுக்கு லென்ஸ் தேடுகிறவர்களுக்கு இதில் சில நாட்களாவது மிச்சமாகும்.

கையில் இருந்தது ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவுச் சென்சார் (ஒளியைப் படமாக்கும் தகடு) கொண்ட, சோனி இ மவுண்ட் (லென்ஸ் பொருந்தும் வாய்) கேமரா. அதோடு வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்று. நண்பரிடம் இரவல் வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8 ஆட்டோஃபோகஸ் லென்ஸ் இன்னொன்று. மூன்றாவது, அலமாரியில் பல வருடங்களாகக் கிடந்த பழைய சோவியத் லென்ஸ்: ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ., எஃப் 2. மி.மீ.இல் சொல்வது லென்ஸின் குவியத் தூரம்; எஃப் எண் ஒளி நுழையும் துளையைக் குறிப்பது, எண் சிறிதானால் துளை பெரிது.

முதல் இரண்டு நாளும் நான் படமே எடுக்கவில்லை. சுவரில் அளவு டேப்பை ஒட்டி, கேமராவை இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தி, ஒவ்வொரு குவியத் தூரத்திலும் எவ்வளவு அகலம் திரைக்குள் வருகிறது என்று குறித்துக்கொண்டேன். இதற்குச் சுலபமான கணக்கு ஒன்று இருக்கிறது. சென்சாரின் அகலத்தைத் தூரத்தால் பெருக்கி, குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். என் சென்சாரின் அகலம் 23.5 மி.மீ. ஆகவே 18 மி.மீ.இல் 2.61 மீட்டர், 35-இல் 1.34 மீட்டர், 55-இல் 85 செ.மீ. டேப் காட்டியதும் ஏறக்குறைய இதுவே. ஆனால் நொடிக்கு அதிகச் சட்டகங்கள் (ஃப்ரேம்கள்) எடுக்கும் 4கே முறைக்கு மாற்றியபோது, அதே 18 மி.மீ. லென்ஸில் அகலம் 2.2 மீட்டருக்கும் கீழே போய்விட்டது. அந்த முறையில் கேமரா சென்சாரின் ஓரங்களை விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் படிக்கிறது. சிறிய அறையில் எடுக்கப்போகிறவர் லென்ஸ் வாங்கும் முன் இதை ஒருமுறை சோதித்துவிட வேண்டும். போதுமான அகலம் வரும் என்று நம்பி வாங்கிய லென்ஸ், எடுக்கும் முறையை மாற்றியதுமே போதாமல் போகும்.

“58 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சி கேமராவில் 87 ஆகிவிடும்” என்று சொல்வார்கள். லென்ஸ் எதுவாகவும் ஆவதில்லை. அதன் குவியத் தூரம் 58-தான். 36 மி.மீ. அகலமுள்ள முழுச் சட்டகச் சென்சாரில் 87 மி.மீ. லென்ஸ் எவ்வளவு பரப்பைக் காட்டுமோ ஏறக்குறைய அவ்வளவைத்தான் இந்தச் சிறிய சென்சாரில் 58 காட்டுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் சரியாகப் பதித்துக்கொள்ளாததால் பின்னால் ஒரு நாளை இழந்தேன். அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

அடுத்து, இரண்டு பாட்டில்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்தேன். முன் பாட்டிலிலிருந்து 60 செ.மீ. தள்ளி 18 மி.மீ.இல் ஒரு பதிவு. பிறகு 183 செ.மீ. தூரத்துக்குப் பின்வாங்கி 55-இல் இன்னொன்று. இரண்டிலும் முன் பாட்டில் ஒரே உயரம். பின் பாட்டிலோ முதல் பதிவில் அதன் 37 சதவீத உயரமே இருந்தது; இரண்டாவதில் 65 சதவீதம். நீண்ட லென்ஸ் பின்னணியை இழுத்து அருகில் கொண்டுவருகிறது என்று அதுவரை நம்பியிருந்தேன். அதைச் சோதிக்க, 183 செ.மீ.இல் நின்றபடியே 18 மி.மீ.இலும் எடுத்து, நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே 65 சதவீதம். தோற்ற அளவுகளைத் தீர்மானிப்பது நாம் நிற்கும் தூரம். எவ்வளவு வெட்டி எடுத்துக்கொள்வது என்பதை மட்டும் லென்ஸ் முடிவு செய்கிறது. பெரியப்பாவின் முகத்தை 18 மி.மீ.இல் மிக அருகில் போய் எடுத்தபோது மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் வந்ததற்குக் காரணமும் இதுதான். அன்றைக்கே முடிவு செய்தேன்: முகத்துக்கு 90 செ.மீ.க்கு அருகில் கேமராவைக் கொண்டுபோவதில்லை.

மூன்றாம் நாள் அவர் மேசைக்கு ஜூம் லென்ஸோடு போனேன். அகலமாகத் தொடங்கி, மெல்ல ஜூம் செய்து கைகளை நெருங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், நெருங்க நெருங்கப் படம் படிப்படியாக இருண்டிருந்தது. லென்ஸின் முகப்பிலேயே காரணம் எழுதியிருக்கிறது: 3.5-5.6. எஃப் எண் என்பது குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவது. 18 மி.மீ.இல் அதிகபட்சத் துளை சுமார் 5 மி.மீ.; 55-இல் சுமார் 10 மி.மீ. துளை பெரிதாகத்தான் ஆகிறது, ஆனால் குவியத் தூரம் வளர்ந்த அளவுக்கு வளரவில்லை. அதனால் சென்சாருக்கு வரும் வெளிச்சம் ஐந்தில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுகிறது. தொடக்கத்திலேயே எஃப் 5.6 வைத்துக்கொண்டு ஜூம் செய்தபோது பிரச்சினை தீர்ந்தது; அந்த எண்ணை லென்ஸ் இரு முனையிலும் தர முடியும். ஆனால் ஜூம் முடிந்த இடத்தில் ஃபோகஸும் விலகியிருந்தது. ஜூம் செய்யும்போது ஃபோகஸ் நிலையாக நிற்பது ஒரு தனிச் சிறப்பு. ஒளிப்படத்துக்கென்று செய்யப்பட்ட பெரும்பாலான ஜூம்களில் அது இருப்பதில்லை.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஒளிப்படத்துக்கு ஒரே ஒரு கணம் லென்ஸ் சரியாக இருந்தால் போதும். வெளிச்சம் மாறினால், ஃபோகஸ் விலகினால், சரிசெய்துகொண்டு அடுத்த படம் எடுக்கலாம். வீடியோவில் லென்ஸ் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போகும் வழி முழுவதும் பார்ப்பவர் கண்ணில் படுகிறது. படத்தின் கூர்மை, மங்கலின் அழகு என்று விமர்சனங்களில் பாராட்டப்படுவதெல்லாம் நின்றுபோன கணத்தைப் பற்றியவை. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: வளையத்தைத் திருப்பும்போது இந்த லென்ஸ் என்ன செய்கிறது?

இரவல் வாங்கிய 50 மி.மீ. லென்ஸை அந்தக் கேள்வியோடு பார்த்தேன். எஃப் 1.8 என்பதால் அறை வெளிச்சமே போதுமானதாக இருந்தது. ஆட்டோஃபோகஸ் முகத்தை உடனே பிடித்துக்கொண்டது. ஆனால் எனக்கு வேண்டியது “சக்கரம் ஆடத் தொடங்கிய பிறகு, மெல்ல” என்பது. அந்தத் தருணம் எது என்று கேமராவுக்கு எப்படித் தெரியும்? கையால் திருப்பலாம் என்று ஃபோகஸ் வளையத்தில் காகித டேப் ஒட்டி, சாமணத்துக்கு ஒரு கோடும் முகத்துக்கு ஒரு கோடும் போட்டேன். முதல் முறை சரியாக வந்தது. இரண்டாம் முறை கொஞ்சம் வேகமாகத் திருப்பினேன். அதே கோட்டில் நிறுத்தியும் ஃபோகஸ் முகத்தைத் தாண்டிச் சுவருக்குப் போய்விட்டது. அந்த வளையத்துக்கும் உள்ளிருக்கும் கண்ணாடிகளுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. வளையம் சுற்றியதை மின்னணுச் சுற்று உணர்ந்து மோட்டாருக்குச் சொல்கிறது. வேகமாகத் திருப்பினால் மோட்டார் கூடுதலாக நகர்கிறது. இப்படிப்பட்ட வளையத்தில் போட்ட கோட்டுக்கு எந்தப் பொருளும் இல்லை. கோணத்துக்கு ஏற்ப மட்டும் நகரும்படி மாற்றிக்கொள்ளும் வசதி சில கேமராக்களில் உண்டு, என்னுடையதில் இல்லை.

ஆகவே ஹீலியோஸ். இது கார்ல் சைஸ் யேனா என்ற ஜெர்மன் நிறுவனத்தின் பயோட்டார் 58 மி.மீ. லென்ஸின் வடிவமைப்பை ஒட்டி உருவானது. உள்ளே மோட்டாரும் இல்லை, மின்தொடர்பும் இல்லை. வளையத்தைத் திருப்பினால் திருகுமரையில் கண்ணாடிக் கூட்டம் முழுவதும் முன்னும் பின்னும் நகர்கிறது. இரு முனையிலும் முட்டி நிற்கிறது. இன்று போட்ட கோடு நாளையும் அதே தூரத்தைக் காட்டும். அப்பர்ச்சருக்கு, அதாவது ஒளி நுழையும் துளைக்கு, இரண்டு வளையங்கள்: ஒன்று ‘டிக்’ என்று நின்று எல்லையை நிர்ணயிப்பது, மற்றது எந்த இடத்திலும் தடுக்காமல் வழுக்கிச் செல்வது. இந்த இரண்டாவது வளையம் வீடியோவுக்குப் பெரிய உதவி. பதிவாகிக்கொண்டிருக்கும்போதே துளையைச் சுருக்கினால் வெளிச்சம் படிக்கட்டாகக் குதிக்காமல் சரிந்து இறங்குகிறது.

இதன் அடிப்பகுதி எம்42 என்ற திருகு மரை. என் கேமராவில் பொருத்த ஓர் அடாப்டர் (இணைப்பு வளையம்) வாங்கினேன். பொருத்தியதும் பதிவுப் பொத்தான் வேலை செய்யவில்லை. லென்ஸ் இல்லாமலும் பதிவு செய்ய அனுமதிக்கும் அமைப்பை மெனுவில் இயக்கிய பிறகே கேமரா ஒத்துழைத்தது. மின்தொடர்பு இல்லாத லென்ஸைப் பொருத்தினால், லென்ஸே இல்லை என்றுதான் கேமரா எடுத்துக்கொள்ளும். ஜன்னல் வழியே தொலைவில் தெரிந்த கோபுரத்தைப் பார்த்தேன். வளையத்தில் மிகத் தொலைவைக் காட்டும் முடிவிலிக் குறிக்குச் சற்று முன்பே கோபுரம் தெளிந்தது. குறிக்கே கொண்டுபோனால் மீண்டும் மங்கியது.

காரணத்தைத் தேடி வெர்னியர் காலிப்பரை எடுத்தேன். எம்42 லென்ஸின் அடித்தட்டிலிருந்து சென்சார் வரை இருக்க வேண்டிய தூரம் 45.46 மி.மீ. சோனி இ மவுண்டில் கேமரா உடலுக்குள்ளேயே 18 மி.மீ. இருக்கிறது. மீதி 27.46-ஐ அடாப்டர் நிரப்ப வேண்டும். நான்கு இடங்களில் அளந்தேன். எல்லா இடத்திலும் 27.25. குறைவது 0.21 மி.மீ. முடியளவு நகர்ந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். 58-இன் வர்க்கத்தை 0.21-ஆல் வகுத்துப் பாருங்கள்: 16 மீட்டர் வருகிறது. அதாவது வளையம் 16 மீட்டரில் இருக்கும்போதே முடிவிலி தெளிந்துவிடும்; அதற்குமேல் திருப்பும் தூரம் வீண். அடாப்டர்களைக் கொஞ்சம் குட்டையாகவே செய்வது வழக்கம். நீளமாகிவிட்டால் முடிவிலியே எட்டாது. குட்டையாக இருந்தால் எட்டவாவது எட்டும்.

கோடுகளை நானே போட்டுக்கொள்ளப்போவதால் இதை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் தொலைதூரக் காட்சிகளில் வளையத்தை முனைவரை திருப்பி முட்டவைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடிய வேண்டும் என்று விரும்பினேன். அடாப்டரின் கேமராப் பக்க வளையம் நான்கு பொடித் திருகுகளால் பிடிக்கப்பட்டிருந்தது. என் திருப்புளி அதன் தலையைக் கெடுத்துவிடும் போலிருந்ததால் பெரியப்பாவிடம் போனேன். திருகை விரலால் தடவிப் பார்த்து, தன் வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “திருகைச் சுற்றுவதற்கு முன்னால் நன்றாக அழுத்தம்மா. சுற்றும்போது அழுத்தினால் வழுக்கும்” என்றார். நான்கும் சிறு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தன.

குளிர்பானக் கேனின் பக்கத் தகடு சுமார் 0.1 மி.மீ. தடிமன். அதைக் கத்தரித்து, திருகுத் துளைகள் விட்டு, இரண்டு வளையங்கள் செய்து இடையில் வைத்தேன். முடுக்கி அளந்தால் மூன்று இடத்தில் 27.45, ஓரிடத்தில் 27.52. சரியாகிவிட்டது என்று நினைத்துச் சுவரில் ஒட்டிய செய்தித்தாளை எடுத்துப் பார்த்தேன். இடப்பக்க எழுத்துகள் கூர்மையாகவும் வலப்பக்கம் கரைந்தும் இருந்தன. கத்தரித்த விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நின்று, லென்ஸை ஒரு பக்கம் சாய்த்திருக்கிறது. மறுபடி கழற்றி, தகடுகளைக் கண்ணாடிமேல் விரித்த நைஸ் உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்தேன். நகத்தால் தடவினால் எங்கும் பிடிக்காத நிலை வந்ததும் துடைத்து, காற்றடித்து, திரும்பப் பொருத்தினேன். நான்கு இடத்திலும் 27.45. இந்த வேலையைக் கேமராவிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். உலோகத் துகள் ஒன்று சென்சாருக்குள் போனால் பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. அன்று மாலை வளையம் முட்டிய இடத்தில் கோபுரம் தெளிவாக நின்றது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இழந்த ஒரு நாள் இதற்கு அடுத்தது. என் கேமராவின் உடலிலேயே கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி இருக்கிறது. எந்த அளவுக்குச் சமன்செய்ய வேண்டும் என்பதைக் குவியத் தூரத்தை வைத்துத்தான் அது கணக்கிடுகிறது. மின்தொடர்புள்ள லென்ஸ் தானே அந்த எண்ணைச் சொல்லிவிடும். ஹீலியோஸ் சொல்லாது, நாம்தான் உள்ளிட வேண்டும். நான் 87-க்குப் பக்கத்து எண்ணைப் போட்டுவிட்டேன். கேமரா தேவைக்கு மீறி எதிர்த்திசையில் நகர்த்தி, கையில் எடுத்த பதிவெல்லாம் மிதப்பது போல் ஆடியது. சென்சார் எந்த அளவாக இருந்தாலும் லென்ஸில் பொறித்திருக்கும் எண்ணையே கொடுக்க வேண்டும்: 58.

வெளியில் எடுத்த காட்சி ஒன்றே ஒன்று, அவர் வாசலில் வெயிலில் வந்து நிற்பது. நொடிக்கு 25 சட்டகம் என்றால் ஷட்டர், அதாவது ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒளி விழும் நேரம், ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்போதுதான் அசைவு இயல்பாகத் தெரியும். நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100-இல், அந்த ஷட்டருக்கு எஃப் 22 தேவைப்படும். ஹீலியோஸ் 16 வரைதான் போகும். எனக்கு வேண்டியதோ எஃப் 2.8. இடையில் ஆறு ஸ்டாப்; ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும். ஷட்டரைத் தொடாமல் ஆறு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்க, வெளிச்சத்தை 64-இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்.டி. 64 ஃபில்டர் போட்டேன். இந்த லென்ஸுக்கு 49 மி.மீ. மரையுள்ளது வேண்டும்.

இனி அந்த எட்டு நொடி.

கேமராவை முக்காலியில் நிறுத்தினேன். சென்சாரிலிருந்து சாமணம் 60 செ.மீ., கண்கள் 90 செ.மீ. எஃப் 2-இல் சாமணத்தருகே தெளிவாக இருக்கும் ஆழம் 6 மி.மீ. மட்டுமே. அவர் மூச்சு விட்டாலே முனை அதைத் தாண்டிவிடும். எஃப் 4-க்கு வந்தால் 12 மி.மீ.; முகத்தில் 3 செ.மீ., அதாவது கண்ணும் புருவமும் மூக்கின் ஒரு பகுதியும். எஃப் 4 என்று முடிவு செய்தேன். பின்னணி அப்போதும் போதுமான அளவு மங்கலாகவே இருந்தது. முதல் வாரம் முழுக்கப் பெரிய துளைமேல் எனக்கிருந்த மோகம் இந்த மேசையில்தான் தணிந்தது.

ஒத்திகைக்குத் தங்கை உட்கார்ந்தாள், சாமணத்துக்குப் பதில் ஒரு பேனாவைப் பிடித்துக்கொண்டு. வளையத்தில் வெள்ளைக் காகித டேப். அதில் பென்சிலால் மெல்லிய இரு கோடுகள். லென்ஸ் உடலில் ஓர் அம்புக்குறி. கட்டைவிரலை அடியிலும் இரண்டு விரலை மேலும் வைத்து, முதல் கோட்டிலிருந்து இரண்டாவதுக்கு இரண்டு நொடியில் போக வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாக, நடுவில் சற்று வேகமாக. சீரான வேகத்தில் திருப்பினால் இயந்திரம் திருப்பியது போல் இருக்கிறது. தங்கை சின்னத் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டே, “அக்கா, கண்ணைத் தாண்டிக் காதுக்குப் போய்விட்டாய்” என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பாள். இருபதாவது முறைக்குப் பிறகு கோட்டைப் பார்க்காமலே விரல் அங்கே போய் நின்றது.

ஃபோகஸ் நகரும்போது சட்டகமும் லேசாக விரிகிறது. அருகில் ஃபோகஸ் செய்யும்போது கண்ணாடிகள் சென்சாரை விட்டு விலகுவதால் பார்வைப் பரப்பு குறுகுகிறது. தொலைவுக்குப் போகும்போது விரிகிறது. 60-லிருந்து 90 செ.மீ.க்கு ஏறக்குறைய நாலரை சதவீத மாற்றம். இதை ‘மூச்சு விடுதல்’ என்கிறார்கள். சினிமாவுக்கென்றே செய்யும் லென்ஸ்களில் இதைக் கூடியவரை அடக்குகிறார்கள். என் காட்சியில் அந்தச் சிறு விரிவு, படமே அவரோடு சேர்ந்து தளர்ந்து உட்காருவதுபோல் இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

சக்கரத்தின் நெருக்கக் காட்சி தனி. ஹீலியோஸ் அரை மீட்டருக்கு அருகில் ஃபோகஸ் ஆகாது. லென்ஸுக்கும் அடாப்டருக்கும் இடையில் 10 மி.மீ. நீட்டிப்பு வளையம் ஒன்றைத் திருகினேன். அதற்குள் கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் குழாய். அதோடு 7 செ.மீ. அகலம் சட்டகத்தை நிரப்பியது. கடிகாரம் முழுதாக, சுற்றிலும் விரல் நுனிகளுக்கு இடம் விட்டு அமர்ந்தது. ஆனால் ஆழம் எஃப் 2-இல் ஒரு மில்லிமீட்டர்தான். சக்கரம் தெளிந்தால், மேலிருந்து அதைத் தாங்கும் தகடான பாலம் மங்குகிறது. எஃப் 5.6-இல் கிட்டத்தட்ட 3 மி.மீ. கிடைத்தது. எஃப் 2-ஐவிட எட்டு மடங்கு வெளிச்சம் வேண்டியிருந்ததால், மேசை விளக்கை 80 செ.மீ.இலிருந்து 40-க்கு இறக்கி நான்கு மடங்கைப் பெற்றேன். மீதிக்கு ஐஎஸ்ஓவை இரட்டிப்பாக்கினேன். குழாயைப் போட்டால் அரை மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். முகத்துக்குப் போக வேண்டுமானால் கழற்றியாக வேண்டும்.

பதினாறாம் நாள் எல்லாவற்றையும் கோத்துப் பெரிய திரையில் பெரியப்பாவுக்குக் காட்டினேன். ஃபோகஸ் தன் முகத்துக்கு வந்த இடத்தில் அவர் எதுவும் சொல்லவில்லை. நெருக்கக் காட்சியில் கடிகாரம் டயல் பக்கம் திரும்பியதும் முன்னால் குனிந்தார். “இங்கே நிறுத்து.” நிறுத்தினேன். டயலின் ஓரத்தில், எண் எட்டுக்குப் பக்கத்தில், முடி போன்ற ஒரு பஞ்சிழை கிடந்தது. கடிகாரத்தை எழுந்து எடுத்துவந்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். “ஆமாம், இருக்கிறது. கண்ணாடியைத் திறந்து எடுக்க வேண்டும். இந்தக் காட்சியை நாளைக்கு மறுபடி எடுத்துக்கொள்” என்றார்.

விளக்கு இருந்த இடத்தை மேசையில் சாக்பீஸால் வட்டமிட்டு வைத்திருந்தேன். வளையத்தில் டேப்பும் இன்னும் பிரிக்கவில்லை.